ஜோயானாவின் காதுக்கு வந்த மஞ்சள் வில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பசுவின் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. எண் போட்ட மஞ்சள் வில்லையை ஊர் மாடுகளின் காதில் குத்தக் கால்நடை மருத்துவர் வந்திருந்தார். மாட்டை அசையாமல் பிடிக்க என்னைக் கூலிக்கு அழைத்திருந்தார்கள். மாட்டுக்காரி அக்சீனியா குறுக்கே வந்து நின்றாள். நடந்தது அவ்வளவுதான். மீதி என் கைவேலை.

(எழுத்து எனக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது, எங்கள் ஜெபவீட்டில். படிக்கத் தந்தது வேதத்தின் கடைசிப் பகுதி. மற்றவர்கள் உலகம் உண்டானதிலிருந்து வாசித்து வருவார்கள். நான் அது அழிவதிலிருந்து தொடங்கியவன். என் வாக்கியங்கள் முரடாக இருந்தால் இருக்கட்டும்.)

2

முதலில் இப்படி எழுதினேன்: "பனி உருகும் மால்டோவா மலையடிவாரத்தில், விசுவாசமே உருவான விதவை ஒருத்தி..."

அடித்துவிட்டேன். அக்சீனியா சூரியகாந்தி விதை கொறித்து, தோலை மருத்துவரின் பூட்ஸ் பக்கமாகத் துப்பியவள்.

"அக்கா, வழி விடுங்க. இன்னும் பாதி ஊர் கிடக்கு."

"பாதி ஊரையும் நல்லாக் குத்து. என் ஜோயானாவைத் தொடாதே."

"வில்லை இல்லேன்னா நாளையிலேருந்து பால் வண்டி உங்க பாலை எடுக்காது. மாட்டை விக்கவும் முடியாது."

அக்சீனியா என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா த்ரோஃபிம்? முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. கடைசி காலத்துக்கு அடையாளம்னு ஞாயித்துக்கிழமை தவறாம கேக்கறோமே, இவரு வாயாலேயே சொல்லிட்டாரு!"

3

போதகர் ஈலாரியேவை அழைத்துவந்தார்கள். ரொட்டிக்கடையும் அவருடையதுதான், கையில் மாவோடு வந்தார்.

"சகோதரி, சாத்தானோட முத்திரை நெத்தியிலோ வலது கையிலோன்னுதான் வேதத்துல எழுதியிருக்கு. காதுன்னு இல்லை. அதுவும் மாட்டுக் காது!"

"காதுக்கும் நெத்திக்கும் நாலு விரக்கடை. நகர்ந்து வர எவ்வளவு நேரமாகும்?"

"என் மாட்டுக்கும்தான் போட்டிருக்கு. நான் என்ன நரகத்துக்கா போகப்போறேன்?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

மருத்துவர் சிரித்துவிட்டார். போதகர் சிரிக்கவில்லை. நான் கொம்பை விட்டுவிட்டேன்.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. இது பக்தியா, வெறும் வீம்பா? அவளுக்கு விறகும் ரொட்டியும் அந்த ஒரு மாட்டின் பாலில்தான். அதையும் இழக்கத் துணிந்த ஒருத்தியை... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. பயந்தா ஒத்துக்கணுமா?" என்றாள்.)

4

இனி முடிவு. வானம் திறந்து, எக்காளம் முழங்கி, அக்சீனியா சொன்னதே சரி என்று ஆகலாம். என் பென்சிலுக்கு அவ்வளவு வலு இல்லை. பசி முற்றியதும் அவளே போய் வில்லையைக் கேட்டு வாங்கலாம். இது மருத்துவர் சொல்லித் தந்த முடிவு. அவரே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் ஜெபவீட்டில் உலக முடிவுக்கு நாள் குறித்தவர்கள் உண்டு. குறித்த நாள் வந்துபோன மறுநாள் அவர்களும் உருளைக்கிழங்கு தோண்டத்தான் போனார்கள். அந்த நாள் வானத்துத் தூதருக்கே தெரியாதாம். என்னை மட்டும் ஏன் நெருக்குகிறீர்கள்? நான் குறிக்கமாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். மறுநாள் காலை பால் வண்டி அவள் வாசலில் நிற்காமல் போயிற்று. அக்சீனியா வாளியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டாள். பாலில் இன்னும் சூடு இருக்கிறது. முதல் ஆளாக நீங்கள் வருகிறீர்கள்.

"என்ன முழிக்கறே?" என்கிறாள் உங்களைப் பார்த்து. "பாத்திரம் கொண்டாந்தியா, இல்லையா?"