தோவா பெரியம்மாவின் மரியாதை

ஹனோய் நகரத்தில் காசு கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருவதற்கென்றே சில சாப்பாட்டுக் கடைகள் உண்டு. நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. தோவா பெரியம்மாவின் கடை அந்த ரகம். தொப்பை உள்ளவர்கள் நேராகத்தான் நடக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பினால் மாட்டிக்கொள்வார்கள் என்கிற அளவுக்கு ஒரு சந்து. அதன் கோடியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அடுப்பு, ஓர் அண்டா, உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும் பிளாஸ்டிக் முக்காலிகள். வயல் நண்டை இடித்துத் தக்காளியோடு கொதிக்கவைத்த சாற்றை அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றிக் கொடுப்பாள். கூடவே வாயிலிருந்தும் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாள்.

"என்னடா பராக்குப் பாக்குற? உக்காரு! மாப்பிள்ளை அழைப்புக்கா வந்திருக்க?"

"எலுமிச்சை வேணுமா? இன்னொண்ணு வேணுமா? மரத்தையே வெட்டிக் கொண்டாரவா?"

லுவான் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினமும் அங்கேதான் போவான். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. காலையிலிருந்து இரவு வரை ஐயா, அம்மா, மன்னிக்க வேண்டும், தங்கள் சித்தம் என்று குழைந்து குழைந்து அவனுக்கு நாக்கே வழுக்கிப்போயிருந்தது. அறைத் துண்டைத் திருடிப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு போகிறவனிடமும் பல் தெரியச் சிரித்து, "மறுபடியும் வாங்க" என்று சொல்ல வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா சைகோனில் கல்யாணமாகிப் போய் வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவாள். இத்தனை பெரிய ஊரில் அவனை உரிமையோடு "டேய்" என்று கூப்பிட தோவா பெரியம்மாவை விட்டால் நாதியில்லை. அந்த ஒரு திட்டு விழுந்தால்தான் சாப்பிட்டது செரிக்கும்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த வியாழக்கிழமை கை தவறிக் கரண்டி கீழே விழுந்தது. குனிந்து மேசைக்கு அடியில் தேடினான். கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. வாய்க்கு வந்தபடி ஏசியிருக்க வேண்டிய பெரியம்மா அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் போனான். அவனுடைய முக்காலியில் பூப்போட்ட மெத்தை ஒன்று கிடந்தது.

"வாங்க ஐயா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. ஐஸ் டீ தரட்டுங்களா?" என்றாள் தோவா பெரியம்மா, இரண்டு கையாலும் தம்ளரை நீட்டிக்கொண்டு.

லுவான் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

"பெரியம்மா, நான்தான். லுவான்."

"தெரியாதுங்களா? உங்களைப் போல பெரியவங்க வர்றதுக்கு இந்தக் கடை கொடுத்து வச்சிருக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவன் எங்கேயோ பார்த்திருந்தான். அது அவனுடைய சிரிப்பு. துண்டு திருடனுக்கு அவன் கொடுக்கிற அதே சிரிப்பு, ஒரு பல் கூடாமல் குறையாமல். பக்கத்து முக்காலிக்காரனை அவள் அந்தக் கணமே திரும்பி, "நீ என்னடா மாடு மாதிரி அசை போடுற, எந்திரி, ஆளு நிக்குது!" என்று விரட்டினாள். லுவானுக்கு அவன்மேல் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டல் வாசலில் காவலுக்கு நிற்கிற கியென்தான் அவனுக்கு இருக்கிற ஒரே சிநேகிதன். அவன் சந்து முனையில் ஐஸ் டீ விற்கிற மூயியிடம் பேச்சுக் கொடுத்துச் சங்கதியைக் கறந்துகொண்டு வந்தான்.

"அண்ணே, உங்களை ரகசிய ஆளுன்னு முடிவு கட்டிட்டாங்க. வெளிநாட்டுல ஏதோ சாப்பாட்டுப் புத்தகமாம். ஆள் தெரியாம வந்து தின்னு பாத்துட்டுக் கடைக்கு நட்சத்திரம் குடுப்பாங்களாம். அடுத்த தெருக் கோழிச்சோத்துக்காரனுக்குக் கிடைச்சுதே, இப்ப ஏசி போட்டுட்டான், டை கட்டிக்கிட்டுக் கோழி வெட்டுறான்."

"நான் எதுக்குடா ரகசிய ஆளு?"

"தனியா வர்றீங்க. பேச மாட்டேங்கறீங்க. இஸ்திரி போட்ட சட்டை. அதுக்கு மேல, கரண்டியைக் கீழ போட்டுட்டு மேசைக்கு அடியில பாத்தீங்களாமே. ரகசிய ஆளுங்க அப்படித்தான் சோதிப்பாங்களாம். மூயி அடிச்சுச் சொல்லுது."

"கை தவறிப்போச்சுடா பாவி!"

"அதை அங்க போய்ச் சொல்லுங்க."

சொன்னான். ஓட்டல் அடையாள அட்டையையே எடுத்து நீட்டினான். "பெரியம்மா, நல்லாப் பாருங்க. வரவேற்பு மேசை குமாஸ்தா. சாவி எடுத்துக் குடுக்கிற வேலை."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். "ரொம்ப நல்ல வேலைங்க ஐயா" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, ஐஸ் டீ கொண்டுவந்து நின்ற மூயியைப் பார்த்துக் கண்ணடித்தாள். அன்று சாயங்காலமே, ரகசிய ஆளுக்குப் போலி அட்டைகூட இருக்கிறது, அச்சு அசலாக இருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சரி, திட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்று லுவான் ரோஷத்தோடு வேறு கடை தேடிக் கிளம்பினான். ஹனோயில் சந்துக்கு நாலு பொந்துக்கடை. சந்தைக்குப் பின்னால் நத்தை அவித்துக் கொடுக்கிற ஒருத்தி வாய்க்குப் பேர் போனவள் என்று கேள்விப்பட்டுப் போனான். "வழியில நிக்காதடா தூணு!" என்று முதல் வார்த்தையே அமோகமாக விழுந்தது. லுவானுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆனந்தத்தில் நத்தையைக் குத்தி எடுக்கிற ஊசியை நழுவவிட்டான். சனியன், குனிந்தும் தொலைத்தான். நிமிர்ந்தபோது அவள் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். "வேற ஊசி கொண்டாரட்டுங்களா ஐயா?"

ரயில் பாதை ஓரத்தில் கஞ்சிக் கடை. கிண்ணத்தை வைக்காமல் வீசுகிறவன் என்று அந்தக் கடைக்காரனுக்குப் பெயர். லுவான் போனபோது அவன் தன் சட்டையைக் கழற்றி முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சேதி லுவானுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இஸ்திரிச் சட்டை, சோகமான முகம், தனியாக வருவார் என்று அங்க அடையாளம் வேறு. திட்டு கிடைக்காத துக்கத்தில் அவன் முகம் தொங்கத் தொங்க, பெரிய ருசி கண்டவர் எதிலும் திருப்தி இல்லாமல் இருக்கிறார் என்று சமையல்காரர்கள் நடுங்கினார்கள்.

கடைசியாகச் சுற்றுலாக்காரர்கள் போகிற தெருவில் ஒரு கடை. திட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "டேய் சோம்பேறி!" என்று கத்திவிட்டு, "போட்டோ எடுத்துக்கிறீங்களா சார்?" என்றாள். கூலிக்கு மாரடிக்கிற அழுகையில் கண்ணீர் வருமா? லுவான் பாதியில் எழுந்து வந்துவிட்டான்.

வயிறு பழையபடி தோவா பெரியம்மாவிடமே இழுத்தது. கியென் யோசனை சொன்னான். "சீண்டுங்க அண்ணே. எத்தனை நாள் பொறுத்துக்கும்?"

சீண்டினான். அவள் கையால் கிள்ளிப் போட்ட கீரையை அப்படியே ஒதுக்கி வைத்தான். அவள் இமை துடித்தது, "கீரை ஒத்துக்காதுங்களா ஐயா?" என்றாள். ஒருநாள் கொட்டுகிற மழையில் மழைச்சட்டை இல்லாமல் நனைந்து சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், பேசாமல் துண்டு கொடுத்தாள். அடுத்த நாள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, முள்கரண்டியும் பாட்டில் தக்காளி சாஸும் கேட்டான். நண்டுச் சாற்றில் தக்காளி சாஸ்! கடையே மூச்சை நிறுத்தியது. பெரியம்மாவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்தது. "இதோங்க" என்று ஓடிப் போய்ப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்து, அவன் முன்னே வைத்தாள். அவன் ஊற்றினான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு லுவான் ஓட்டலுக்குத் திரும்பி வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உண்மையாகவே அழுதான். "இனிமே எனக்குன்னு திட்ட யாருமே இல்லடா கியென்."

கியென் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணே. ஆனா பாவம். முதல் போணி" என்றான்.

லுவானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் விலை கேட்டுப் பேரம் பேசி, வாங்காமல் மட்டும் திரும்பக் கூடாது. அன்றைய வியாபாரமே படுத்துவிடும். அதுவும் மாசம் பிறக்கிற முதல் நாளில் செய்தால் அந்த மாசமே படுத்துவிடும். செய்தவனுக்கு மன்னிப்பே கிடையாது.

"நாளைக்குத்தானே முதல் நாளு?" என்றான் லுவான்.

"ஆமாண்ணே."

விடிந்ததும் போனான். பெரியம்மா சாமிக்குப் பழம் வைத்து ஊதுவத்தி கொளுத்திவிட்டு, அண்டா மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மாசத்தின் முதல் போணியே நட்சத்திரக்காரர்!

"வாங்க ஐயா, வாங்க! மெத்தை போட்டே வச்சிருக்கேன்."

லுவான் உட்காரவில்லை. "எவ்வளவு?" என்றான்.

"எப்பவும் போல முப்பத்தஞ்சாயிரம் டோங்குதானுங்க."

"இருபதுக்கு வருமா?"

அவள் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. "ஐயா, விளையாடாதீங்க. முதல் போணி."

"அப்ப வேண்டாம்" என்றான் லுவான். திரும்பி நடந்தான். சந்தில் பாதி தூரம் போகும்வரை ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான், இதுவும் போயிற்று, இனி அந்தச் சிரிப்புத்தான் ஆயுசுக்கும் என்று அவனுக்குக் கண் இருட்டியது.

அகப்பை காதோரம் பறந்து வந்து சுவரில் மோதி விழுந்தது.

"நில்லுடா எடுபட்ட பயலே!"

லுவான் நின்றான். உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மூதேவி! விளங்காத மூஞ்சி! மாசம் பொறந்து அடுப்பு சூடாகல, அதுக்குள்ள என் வயித்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டுப் போறியே, நீ உருப்படுவியா? நட்சத்திரமா குடுக்கப் போற? உன் நட்சத்திரத்தை நீயே பொரிச்சுத் தின்னு! எனக்கு வேண்டாம்டா!"

பீடையை விரட்டப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடுப்பில் காட்டிப் பற்றவைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் நின்ற இடத்தைச் சுற்றி, கால் நடுவே, தலைக்கு மேலே வீசினாள். "நல்ல காத்து நில்லு! கெட்ட காத்து ஓடு! ஓடு!" என்று கத்தினாள். லுவானின் சட்டைக் கையில் ஓர் ஓட்டை விழுந்தது. அவன் நகரவில்லை.

சந்து முனையிலிருந்து மூயி தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, அக்கா, யாருன்னு தெரிஞ்சு பேசு! நட்சத்திரம் போயிரும்!"

"போகட்டும்டி! எத்தனை நாளா நெஞ்சுல அடைச்சு வச்சிருக்கேன், தெரியுமா உனக்கு?" பெரியம்மா தாளைக் கீழே போட்டு மிதித்தாள். அவன் காலரைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் அது ஆரம்பித்தது.

"ஏன்டா, அன்னைக்குக் கீரையை ஒதுக்குனியே, ஆய்ஞ்சவ கை என்ன கட்டையா? மழையில ஆடு மாதிரி நனைஞ்சு வந்தியே, ஒரு மழைச்சட்டை வாங்க வக்கில்லையா, சளி புடிச்சா யாருடா உனக்குக் கஞ்சி வச்சுக் குடுப்பா? செவ்வாக்கிழமை இருமுன, நான் கேக்கலைன்னு நெனச்சியா? நடுவுல நாலு நாளு ஆளையே காணோம், எவ கையில என்னத்தைத் தின்ன, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு! தக்காளி சாஸு! என் சாத்துல தக்காளி சாஸு! உன்னையெல்லாம் பெத்தவங்க இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாங்களாடா?"

லுவானுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இத்தனை நாளும் ஐயா ஐயா என்று சிரித்துக்கொண்டே இவள் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு திட்டும் அவன் பெயரிலேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

"என்ன அழுகை? வா, உக்காரு! சாத்துல கண்ணீர் விட்டுடாத, உப்பு அளவா போட்டிருக்கேன்." மெத்தையை அவன் அடியிலிருந்து பிடுங்கி எறிந்தாள். வெறும் பிளாஸ்டிக்கில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, லுவான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

சத்தம் கேட்டுக் கூடிய கூட்டம் அப்படியே சாப்பிட உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் அண்டா காலி. எரித்த தாள் வேலை செய்துவிட்டது என்று பெரியம்மா சொன்னாள்.

நட்சத்திரம் வரவில்லை. எங்கிருந்து வரும்? ஆனால் அவன்தான் கொடுக்காமல் கெடுத்தான் என்பது அந்தத் தெருவில் சத்தியமாகிவிட்டது. புதிதாக வருகிற எவனாவது, "ஏன் பெரியம்மா அவரை மட்டும் இந்தப் போடு போடுறீங்க?" என்று கேட்டால், "அவரா? என் நட்சத்திரத்தைத் தின்னு ஏப்பம் விட்டவன்டா அவன்!" என்று மறுபடி ஆதியிலிருந்து தொடங்குவாள். நான் வெறும் குமாஸ்தா என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம்தான். லுவான் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒரு திட்டு என்றால் அவனுக்கு மூன்று கிடைக்கிறது, அதை யார் விடுவார்கள்?

போன வாரம் மறுபடியும் அவன் கையிலிருந்து கரண்டி நழுவிவிட்டது. தரையில் விழுந்த சத்தத்தில் கடை முழுக்க அடங்கிப்போனது. மூயிகூட எட்டிப் பார்த்தாள். லுவான் குனியவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். பெரியம்மா அகப்பையை வைத்துவிட்டு மெதுவாகத் திரும்புவது கேட்டது.

"கையில என்னடா, வெண்ணெயா தடவியிருக்கு? குனிஞ்ச, தொலைச்சுப்புடுவேன்! கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சு!"

சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டியை எடுத்து அவன் தலையைப் பார்த்து எறிந்தாள். லுவான் அதை லாவகமாகப் பிடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.