ஊறப் போடாத படகு

தர்மராஜ் என்ற பேரை நம்பி யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவிரிப் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். துடுப்புப் போட்டவர் காத்தான். இப்போது அதே கரையில் தர்மராஜுக்கு மூன்று மாடி ஹோட்டல். காத்தான் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. அவர் மகன் முருகானந்தம் ஊருக்குள் மரப்பட்டறை வைத்திருக்கிறான்.

மாசி மாதம் அந்தப் பட்டறை வாசலில் தர்மராஜ் காரைவிட்டு இறங்கினார்.

"உங்கப்பன் ஓட்டின பழைய படகு கொட்டகையில கிடக்குப்பா. புதுசு மாதிரி பண்ணிக் குடு. ஹோட்டல் திறப்பு அன்னைக்கு ஆத்துல விடணும்."

முகத்தில் கூச்சம் மருந்துக்கும் இல்லை. "செஞ்சுடலாங்க" என்றான் முருகானந்தம். விஷயம் தெரிந்ததும் அவன் மனைவி வைஷ்ணவி சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கேட்டாள்.

"நிறைய இருக்கு. அதான் ஒத்துக்கிட்டேன்."

கோடையில் காவிரி வெறும் மணல். படகு மூன்று நான்கு மாதம் வெயிலில் காய்ந்து, பலகை சுருங்கி, இடுக்கு விட்டுப்போகும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் அதை நாலு நாள் ஆற்றிலேயே முக்கிப் போட வேண்டும். பலகை ஊறி உப்பி, இடுக்கெல்லாம் தானாக இறுகும். அதற்கப்புறம்தான் ஆள் ஏற்றலாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் வந்த முதல் நாளே ஆள் ஏற்றச் சொன்னார் தர்மராஜ். காத்தான் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். நடு ஆற்றில் படகு நிரம்பி முழுகியது. மற்றவர்கள் எப்படியோ கரை சேர்ந்தார்கள். வாழைத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த விஜயராணி, பூக்கடை ராசாத்தியின் மகள், சேரவில்லை. பதினாறு வயது.

"குடிச்சுட்டுப் படகெடுத்தான் சார்" என்று தர்மராஜ் போலீஸில் சொன்னார். காத்தான் எப்போதாவது குடிக்கிறவர்தான். ஊர் சுலபமாக நம்பிவிட்டது. "நான் சொன்னேன், அவர் கேக்கல" என்று வருவோர் போவோரிடமெல்லாம் மூன்று வருஷம் புலம்பியே மனுஷர் செத்தார். ராசாத்தியோ முருகானந்தத்தை எங்கே கண்டாலும் காறித் துப்பிவிட்டுத்தான் போவாள். அவள் மேல் அவனுக்குக் கோபமில்லை. இருக்கிற கோபத்தையெல்லாம் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தான்.

துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும், தர்மராஜ் தண்ணீர் குடித்துத் தத்தளிப்பதை நினைத்துப் பார்த்தான். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடுக்கை அடைக்காமல் விட்டால் போதும். ஆனால் 'அப்பன் புத்திதானே மகனுக்கும்' என்று அதே வாய் நாளைக்குப் பேசும். அவனுக்கு வேண்டியது அந்த ஆளின் உயிர் இல்லை, அந்த வாயிலிருந்து ஒரே ஒரு உண்மை. உளுத்த பலகைகளைக் கழற்றி இலுப்பைப் பலகை போட்டான். இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினான். எவனும் குறை சொல்ல முடியாத வேலை. ஊறப் போடுவதைப் பற்றி மட்டும் திறப்புவிழா வரை வாயைத் திறக்கவில்லை.

ஆனியில் தண்ணீர் வந்தது. வந்த மறுநாளே திறப்புவிழா. பூஜைக்கு மாலை வேண்டும் என்று ராசாத்தியின் பூக்கடைக்கு ஆள் அனுப்பியதும் முருகானந்தம்தான். அவள் மாலையோடு வந்து, அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரை நிறைய விருந்தாளிகள். தர்மராஜின் மகன் சரத்குமார் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தர்மராஜ் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் கால் வைக்கப் போனார்.

"ஐயா, ஏறாதீங்க" என்றான் முருகானந்தம். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னான். "காஞ்ச படகு. நாலு நாள் ஊறணும்."

இத்தனை பேர் முன்னால் தடுத்தால் தர்மராஜுக்குப் பொறுக்குமா? சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"உங்கப்பன் பாடின பாட்டையே நீயும் பாடாதடா. அன்னைக்கும் இப்படித்தான், ஊறணும் ஊறணும்னு உசிரை வாங்கினான். ஜனம் காத்துக்கிட்டு நிக்குது, ஒண்ணும் ஆகாது, எடுடான்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராசாத்தி மாலையைக் கீழே வைத்தாள்.

"அப்ப காத்தான் சொல்லியிருக்கான்."

"அது பழைய கதைம்மா. இப்ப எதுக்கு?"

அவள் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க. ஒண்ணும் ஆகாதுன்னீங்களே. நீங்களே ஏறுங்க."

தர்மராஜ் படகுக்குள் பார்த்தார். இடுக்குகளில் தண்ணீர் மெல்லக் கசிந்து அடிப்பலகையை நனைத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"சரி, நாலு நாள் ஊறட்டும்" என்றார்.

முருகானந்தத்துக்கு வயிறு குளிர்ந்தது. அவன் காத்திருந்தது ஒரு உண்மைக்கு, கிடைத்தது இரண்டு.

"உங்க உசிருன்னா நாலு நாள் பொறுப்பீங்க" என்றாள் ராசாத்தி. "எம் பொண்ணுக்கு ஏன் பொறுக்கல?"

சரத்குமார் போனைக் கீழே இறக்கினான்.

"நிறுத்தாதீங்க தம்பி" என்றான் முருகானந்தம். "எடுங்க. உங்கப்பா பதில் சொல்லட்டும்."