அட்டி போடாத மூட்டைகள்

விடிவதற்குள் லாரிகள் வந்துவிட்டன. மேல்கரை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து லாரியின் பின்னால் குனிந்து நின்றார்கள். மாவு மூட்டையை எவனும் தானே முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. மேலே நிற்கும் இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும். சுமப்பவன் தரையைப் பார்த்தபடி நிற்பான். மேலே இருப்பவன் கை தப்பினால் கழுத்து போய்விடும். அதனால் நம்பாத ஆளுக்கு எந்தச் சுமைக்காரனும் முதுகைக் காட்டமாட்டான்.

கிடங்கு வாசலில் தையல்காரி கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். இமையெல்லாம் மாவு. வரிசையில் நின்ற மேல்கரை ஆட்களில் அவள் புருஷனும் ஒருவன்.

போர், ஆற்றின் இரண்டு கரைக்காரர்களையும் துரத்தி ஒரே முகாமின் முள்வேலிக்குள் கொண்டுவந்து தள்ளியிருந்தது. வெளியே போனால் கண்ணிவெடி, உள்ளே இருந்தால் காண்டிராக்டர். நிவாரண அமைப்பு இரு கரைக்கும் கிடங்கில் வேலை கொடுத்து, சுவரில் குலுக்கும் கைகளைப் பெரிதாக வரைந்து வைத்தது. படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கிடங்கு வேலையைக் குத்தகைக்கு எடுத்த காண்டிராக்டர் காலையில் மேல்கரை, மதியத்துக்கு மேல் கீழ்கரை என்று ஆட்களைப் பிரித்துவிட்டார். இவர்கள் மூட்டைகளைக் கூரை வரை அட்டி போட்டு அடுக்குவார்கள், அவர்கள் அதைப் பிரித்து, வெளியே வரிசையில் நிற்கும் முகாம் சனங்களுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. கூலியாகத் தரும் மாவைக் குறைத்தபோது, அந்தப் பக்கத்தான் இன்னும் குறைச்சலுக்கு வரத் தயார் என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்தார். இரண்டு பக்கமும் வாயைப் பொத்திக்கொண்டது.

போன மழையில் கூரை ஒழுகி அட்டியின் அடிவரிசை நனைந்து கூழாகிவிட்டது. மூடி வைக்கத் தார்ப்பாய் இல்லை. வந்த தார்ப்பாய் எல்லாம் எப்போதோ பின்வாசல் வழியாக விலைக்குப் போய்விட்டது. மேல்கரை ஆட்கள் போய்ச் சொன்னதற்கு, "மேல அடுக்குங்கய்யா" என்றார் காண்டிராக்டர். அடுக்கினார்கள். மதியம் வருகிறவர்களுக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்க, அவனுங்களே பாத்துக்கட்டும் என்று இன்னொருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள்.

அடுக்கிய மறுநாள் மதியம் அட்டி சரிந்து கீழ்கரை நெட்டையனின் கால்கள் இரண்டும் நசுங்கின. இரண்டு வேளையும் வேலை பார்ப்பவள் தையல்காரி ஒருத்திதான். கைநகம் பிய்ய மூட்டைகளை இழுத்துத் தள்ளினாள். அம்மா அம்மா என்று அவன் அலறியது இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. உழைக்க ஆளில்லாத வீட்டுக்குத் தொழிலாளர் அறை கிடையாது என்று, ஆஸ்பத்திரியில் கால் போய்க் கிடக்கும் நெட்டையனின் அம்மாவை இன்று காலையில்தான் வெளியேற்றியிருந்தார்கள். குண்டு வந்து விழும் வேலியோரத்தில் மூட்டை முடிச்சோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறியதும் காண்டிராக்டர் தையல்காரியைத் தனியே கூப்பிட்டார். விசாரிக்க அமைப்பிலிருந்து அதிகாரியம்மா வருகிறாராம்.

"கீழ்கரைக்காரங்க குடிச்சிட்டு ரகளை பண்ணாங்க, அதுல சரிஞ்சதுன்னு சொல்லு. கூட இருந்து பாத்தவ நீ. உன் பேச்சுதான் எடுபடும்."

"சொல்லலேன்னா?"

"வாசல் தொறந்துதாம்மா இருக்கு. மாமியாரையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கிட்டு எங்க போவே?"

புருஷனிடம் சொன்னாள். சொல்லித் தொலைத்துவிட்டு வா, அவங்க நமக்கு என்ன உறவா என்றான் அவன்.

"ஈரம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் கால் இருந்திருக்கும்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

ஆள் மாறும் நேரத்தில் அதிகாரியம்மா வந்தார். இரண்டு கரை ஆட்களும் வாசலில் நின்றார்கள். தையல்காரி ஊசியோடு எழுந்து நின்றாள்.

"யாரும் குடிக்கலம்மா. கூரை ஒழுகி அடிவரிசை ஈரமாயிருச்சு. இவருகிட்ட சொன்னோம், மேல அடுக்குன்னாரு. அவங்ககிட்ட நாங்க சொல்லல. அது எங்க தப்பு."

கீழ்கரை ஆட்களில் மூத்தவரான கொக்கிக்காரர், மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி தோளில் தொங்க முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"அட்டி மேல ஏறுற ஏணிப் பலகை விரிசல் விட்டதை நாங்களும் உங்களுக்குச் சொல்லல," என்றார் மெதுவாக. "அன்னைக்கு உங்காளு யாரும் விழல. அவ்வளவுதான் வித்தியாசம்."

மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் அதிகாரியம்மா. மேலிடம் எங்கே இருக்கிறது என்று முகாமில் யாருக்கும் தெரியாது. அவர் வண்டி வேலியைத் தாண்டியதும் காண்டிராக்டர் சிரித்தார்.

"இப்ப என்ன, வேலைநிறுத்தமா? நிறுத்துங்க. பட்டினி கிடக்கப்போறது உங்க சனந்தான்."

அது உண்மைதான். தலையைத் தொங்கப் போட்டிருந்த புருஷன் நிமிர்ந்தான்.

"நிறுத்தல. அட்டிதான் போட மாட்டோம். லாரியிலிருந்து எறங்குற மூட்டை நேரா சனங்க வரிசைக்குப் போகும். குடோன்ல ஒண்ணும் தங்காது. கூரையைச் சரிபண்ணி, நெட்டையன் வீட்டுக்கு அறையைத் திருப்பிக் குடுக்குற வரைக்கும் இப்படித்தான்."

காண்டிராக்டர் முகம் கறுத்துப்போயிற்று. மூட்டை கிடங்கில் தங்கினால்தானே அதையும் பின்வாசல் வழியாக விற்க முடியும்?

"நாளைக்கே வேற ஆளைக் கொண்டாறேன்."

"வரட்டும்," என்றார் கொக்கிக்காரர். "அவங்ககிட்டயும் ஈரத்தைச் சொல்லுவோம்."

பாதி இறக்கிய லாரி அப்படியே நின்றது. கொக்கிக்காரர் அதன்மேல் ஏறி, அங்கே நின்ற மேல்கரைக்காரனுக்கு எதிரே மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். கீழே யாரும் அசையவில்லை. தையல்காரியின் புருஷன் நடந்துபோய், திரும்பி நின்று, தரையைப் பார்த்துக் குனிந்தான். மூட்டை அவன் தலைக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல முதுகில் இறங்கியது.

"போ மாப்ளே," என்றார் கொக்கிக்காரர். "அடுத்த ஆளு வரட்டும்."

அடுத்தவன் வந்து குனிந்தான்.

தையல்காரி ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு வேலியோரம் போனாள். நெட்டையனின் அம்மா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் பக்கத்திலிருந்த துணிமூட்டையைத் தையல்காரி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்கம்மா. எங்க அறையில எடம் இருக்கு. நாளைக்கு வெளிய போடணும்னா ரெண்டு குடும்பத்தையும் சேத்துத்தான் போடணும்."