அத்தான் கடை ஷட்டர்

கடற்கரைத் தெருவில் பார்கள் மட்டும் இருபத்து மூன்று. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் இழுத்து மூட வேண்டும் என்று நகராட்சி உத்தரவு போட்டது. உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர். தெருவில் இறங்கி அதை அமல்படுத்த ஒரே ஒருத்தி, இன்ஸ்பெக்டரம்மா. கையில் ஒரு டார்ச், ஒரு கட்டு சீல் காகிதம், ஒரு பசை டப்பா. அவ்வளவுதான் அரசாங்கம்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். "அஞ்சே நிமிஷம் மேடம்" என்றார்கள். அந்த ஐந்து நிமிஷம் முடிய விடிகாலை மூன்றாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பார்க்காரன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான்.

"எங்ககிட்ட வந்து குதிக்கிறீங்களே, தெருக்கோடிக் கடை யாருதுன்னு ஊருக்கே தெரியும். முதல்ல அத மூடுங்க மேடம்."

சுருக்கென்றது. தெருக்கோடிக் கடை அவளுடைய அத்தானுடையது. அக்காவைக் கட்டியவர். பதினொரு வருஷமாகப் பால்காரனுக்குப் பிறகுதான் வீடு திரும்புகிற மனுஷர்.

டார்ச்சை ஆட்டிக்கொண்டு போய் நின்றாள். உள்ளே நாற்பது சுற்றுலாப் பயணிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் வாயெல்லாம் பல்லாக வாசலுக்கு வந்தார்.

"வாம்மா, வா. ஜூஸ் ஏதாவது குடிக்கிறியா?"

"மணி பன்னெண்டு, அத்தான்."

"கடைய மூடணும், அவ்வளவுதானே? இதோ பாரு."

ஷட்டரை உள்ளிருந்து கடகடவென்று இறக்கிவிட்டார். பாட்டு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியது. ஷட்டருக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"மூடியாச்சு! சந்தோஷமா? வீட்டுக்குப் போய்ப் படு!"

தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பசை டப்பாவைத் திறந்தாள். ஷட்டர் தரையைத் தொட்ட இடத்தில் நீளமாகச் சீல் காகிதத்தை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்களே மூடியாச்சுன்னு சொல்லிட்டீங்க. சீல் வெச்சுட்டேன், அத்தான். காலையில பத்து மணிக்கு ஆபீஸ் ஆளு வந்துதான் பிரிப்பாங்க."

பாட்டு சட்டென்று நின்றது.

"ஏம்மா... உள்ள நாப்பது பேர் இருக்காங்களே!"

"சமையலறை வழியா வாங்க. பின் கதவு திறந்துதான் இருக்கு, பாத்துட்டேன்."

பின் கதவு பாத்திரம் கழுவுகிற சந்துக்குள் திறக்கும். ஆறடி உயர வெள்ளைக்காரர்கள் குனிந்து, சோப்பு நுரையில் சறுக்கி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி போல வெளியே வந்தார்கள். தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கடைசியாக அத்தான். தொப்பை கதவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டரம்மாவே கையைப் பிடித்து இழுத்து விட்டாள். அவர் சட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"சொந்தக்காரன்னு ஒரு இது வேணாமா?"

"அதனாலதான் அத்தான் ஃபைன் போடல."

மறுநாள் பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே இருபத்து மூன்று ஷட்டரும் இறங்கிவிட்டன. மேலதிகாரி போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். அவளும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அக்கா நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்டீ, உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? மனுஷன் பன்னெண்டரைக்கே வீட்டுக்கு வந்துடுறாரு. தூக்கம் வரலையாம். விடிய விடிய பேசுறாரு! நேத்து ராத்திரி மசாலா டப்பாவையெல்லாம் கலைச்சு அடுக்கியிருக்காரு. காலையில காப்பியில சீரகத்தைப் போட்டுட்டேன்."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"ரெண்டு மணி வரைக்கும் கடைய விடு."

"மனு எழுதிக் கொடு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அக்கா அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு பக்கம் எழுதி நீட்டினாள். கடை நேரத்தை நீட்டிக்கச் சொல்லி அந்த நகராட்சிக்கு வந்த முதல் மனு அது. எழுதியவர் பெயருக்குக் கீழே 'பாதிக்கப்பட்ட மனைவி' என்றிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினாள்.

அக்கா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு மாதமும் அத்தான்தான் தினம் போன் போட்டுப் பேசினார், ராத்திரி ஒன்றரை மணிக்கு.