பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து

பாலத்தின் நடுத்தூண் சாய்ந்திருப்பதை ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்துவிட்டதால் சரக்கு ரயில் தப்பித்தது. கடைசிப் பெட்டியிலிருந்து ஓடிவந்த கார்டு கரையோரம் நின்று அக்கரையைப் பார்த்தார். பாலத்தில் இரண்டு தண்டவாளப் பாதைகள். மற்ற பாதையில் அக்கரையிலிருந்து பயணிகள் ரயில் வரும் நேரம். இங்கே நின்று சிவப்புக் கொடி ஆட்டினால் அக்கரையில் பாதை வளையும் இடத்துக்கு அப்பால் யார் கண்ணில் படும்?

கூடவே வந்தவள் அவருடைய அண்ணன் மகள். தண்டவாளத்தையொட்டி ஓடும் தொலைபேசிக் கம்பிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. பாதி நாள் கம்பத்தின் மேலேயே இருப்பதால் எல்லோருக்கும் அவள் குருவி.

குருவி மரப்பெட்டித் தொலைபேசியை இறக்கி, நீளக் கழியின் கொக்கிகளை மேலேயிருந்த இரண்டு கம்பிகளில் மாட்டினாள். கைப்பிடியைச் சுழற்றினாள். சத்தமே இல்லை.

"லைன் செத்துப்போச்சா?" என்றார் கார்டு.

"இல்ல சித்தப்பா. எங்கயோ ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சுவிட்டா பேசும்."

சற்றுத் தள்ளி, கம்பிகளின் மேல் ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது.

"மழையில வழுக்கும், அம்மாடி."

"எனக்கா?"

பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினாள். கிளையை வெட்டித் தள்ளி, முறுக்கியிருந்த கம்பிகளை விலக்கினாள். அதே நொடியில் ஏதோ ஒரு நிலையத்தில் யாரோ மணியடிக்கக் கைப்பிடியைச் சுழற்ற, அதில் பிறந்த மின்சாரம் அவள் விரல்களைச் சுரீரென்று கடித்தது. குருவி சிரித்துவிட்டாள். லைனுக்கு உயிர் வந்துவிட்டது.

பெட்டியை அங்கேயே இணைத்து அக்கரை நிலையத்தை அழைத்தாள். எடுத்தவர் நிலைய அதிகாரி. அவளுடைய கணவர். இந்த மழையில் வேலைக்குப் போகாதே என்று காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்.

"பாலத்துத் தூண் சாஞ்சிடுச்சு. வண்டிய விடாதீங்க."

"நீ எங்க இருக்க?"

"கம்பத்து மேல. திட்டுறதெல்லாம் அப்புறம். வண்டி எங்க?"

"இப்பத்தான் நகருது."

ரிசீவர் மேசையில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரே லைன் என்பதால் மற்ற நிலையங்களும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தன. "என்னாச்சும்மா?" என்றது ஒரு பெரியவரின் குரல்.

"யாரும் மணியடிக்காதீங்க. கம்பி என் கையில இருக்கு."

குருவி கம்பத்தைக் கால்களால் இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஓடியிருப்பார் என்று தெரியும். வேகமாக ஓடக்கூடிய ஆள்தானா என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் மூச்சு வாங்கும் சத்தம் வந்தது.

"நிறுத்திட்டேன். கடைசிப் பெட்டி இன்னும் பிளாட்பாரத்துலதான் நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில நான் பேசினது..." என்றார்.

"ஊரே கேக்குதுங்க."

லைன் முழுக்கச் சிரித்தது.

மாலையில் அந்தத் தூண் ஆற்றில் சரிந்தது. கரைக் கம்பங்களுக்கிடையே தொங்கிய கம்பிகள் மட்டும் அறாமல் நின்றன. பாலம் சரியாகும் வரை கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கரையில் இருந்தார்கள். தினமும் பேசினார்கள். அத்தனை நிலையங்களும் கேட்டுக்கொண்டிருந்ததால் சண்டை போடத்தான் வழியில்லை.