முப்பத்தேழு டிகிரிப் போர்வை

சூப்பர்வைசரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இறந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் உடம்பு முப்பத்தேழு டிகிரியில் இருந்தது. டாக்டர் இறப்புச் சான்றிதழை எழுதினார், கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிழித்தார், நாடியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

எல்லாம் போர்வை செய்த வேலை. சூப்பர்வைசரின் ஆலையில் கூரைகளுக்கான படலம் தயாரானது. சூடு ஏறினால் அது வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வானத்துக்கு அனுப்பிவிடும். குளிர்ந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே வைத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். எந்தச் சூட்டில் திறப்பது என்பது பூச்சுக் கலவையிலேயே இருந்தது. நோயில் படுத்த மனைவி கோடையிலும் நடுங்கினாள். "ஊர்க் கூரைக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, கட்டின பொண்டாட்டிக்குப் பல்லு தந்தியடிக்குது" என்றாள். அவர் முப்பத்தேழு டிகிரிக்கென்று தனிக் கலவை பூசி ஒரே ஒரு சுருள் படலம் செய்து, போர்வையாகத் தைத்துப் போர்த்தினார். "இப்பதாங்க கதகதன்னு இருக்கு" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சுருளையும் சூப்பர்வைசர் வெறும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு ஆறாத சுருள் வாசலைத் தாண்டக் கூடாது. முப்பது வருடமாகத் தாண்டியதில்லை. மனைவியைத் தூக்க வந்தவர்களை நிறுத்தி, அவள் நெற்றியில் கை வைத்தார். "சூடு ஆறல. அனுப்ப முடியாது."

"அக்காவ அடைகாக்குறீங்களா மாமா?" என்று கத்தினான் மச்சினன். பிறகு தானும் தொட்டுப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதான்.

சூப்பர்வைசர் ஆலையின் வெப்பக் கேமராவைக் கொண்டுவந்து பார்த்தார். நாற்காலி தெரிந்தது, தண்ணீர்ச் செம்பு தெரிந்தது. கட்டிலில் மட்டும் அவள் அளவுக்கு ஒரு கறுப்பு. கை வைத்தால் சூடு, பக்கத்தில் படுத்தால் குளிர். அவளிடமிருந்து ஒரு துளி சூடுகூட அவர் பக்கம் வரவில்லை.

ஐந்தாம் வருடம் மகள் வந்தாள். "அம்மாவ விட்டுருங்கப்பா, பாவம்" என்று போர்வையை உருவினாள். இருவரும் சூடு ஆறக் காத்திருந்தார்கள். சாயங்காலம்வரை, மறுநாள்வரை, மழைக்காலம் முடியும்வரை. ஆறவில்லை. போர்வையின் வேலையை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது.

"முப்பத்தேழத் தாண்டினாத்தான் திறக்குற மாதிரி கலந்துட்டேன்" என்றார் அவர். "செத்தவளுக்கு ஏதும்மா காய்ச்சல்?"

அதற்கும் ஆறு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் இறந்தார். மாலைக்குள் சில்லிட்டுவிட்டார். மகள் உள்ளங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். அவரை வாசல் தாண்டி எடுத்துப் போனார்கள். இப்போதும் செவ்வாய்க்கிழமை காலையில் மகள் வருகிறாள், அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள், கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.