தெரிந்த சொல்

புருஷன் பென்னி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனதும், தானும் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று ஏஞ்சல் இரும்புலியூர் வீட்டில் மொபைல் ஆப் வைத்து ஜெர்மன் படித்தாள். தப்பாய்ச் சொன்ன சொல்லை ஆப் மறுநாளே கேட்கும். தெரிந்த சொல்லைத் தள்ளித் தள்ளித்தான் கேட்கும்: வாரம் கழித்து, மாதம் கழித்து.

பென்னியின் போனும் அப்படித்தான் ஆனது. தினமும் வந்தது ஞாயிறுக்கு ஞாயிறானது. பிறகு மாதத்துக்கு ஒன்று. கேட்டதற்கு, "நீ அங்கதானே இருக்க, எங்க போய்டப் போற?" என்றான்.

இன்று ஆப் 'கணவன்' என்று கேட்டது. ஜெர்மன் சொல் பளிச்சென்று வாயில் வந்தது. 'தெரியும்' என்று அழுத்தினால், இனி நான்கு மாதம் கழித்துத்தான் கேட்குமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தினாள்.

இதுவாவது நாளைக்கு வரட்டும்.